மாதத்தை விடுங்கள், வாரத்தை எண்ணுங்கள்

"எத்தனை மாசம் ஆச்சு?" கர்ப்பிணியைப் பார்க்கும் யாரும் முதலில் கேட்பது இதைத்தான். "அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது" என்று பதிலும் தயாராக இருக்கும். ஆனால் அவர் கையில் இருக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டில் மாதமே இருக்காது. 22 வாரம் 3 நாள் என்று போட்டிருப்பார்கள். வீட்டில் ஒரு கணக்கு, ஆஸ்பத்திரியில் இன்னொரு கணக்கு. எந்த ஸ்கேனை எப்போது எடுப்பது, எந்த மாத்திரை எப்போது பலன் தரும், வயிறு இறுக்கிப் பிடித்தால் பயப்பட வேண்டுமா கூடாதா என்பதெல்லாம் வாரக் கணக்கை வைத்தே முடிவாகிறது. சில பரிசோதனைகளுக்கு மொத்த அவகாசமே மூன்று வாரம்தான். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளினால் அது போனது போனதுதான். அதனால் கர்ப்பகாலத்தின் கட்டங்களை இங்கே வாரக் கணக்கிலேயே சொல்லப் போகிறேன்.

கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது

கடைசி மாதவிலக்கின் முதல் நாள்தான் கணக்கின் முதல் நாள். கரு உருவாவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். ஆக, கணக்கின்படி முதல் இரண்டு வாரம் வயிற்றில் ஒன்றுமே கிடையாது. நாள் தள்ளிப்போய், மருந்துக்கடையில் கிட் வாங்கிப் பார்த்து இரண்டு கோடு தெரியும்போது ஏற்கெனவே ஐந்தாவது வாரம் நடந்துகொண்டிருக்கும். "போன வாரம்தானே தெரிஞ்சது, அதுக்குள்ள எப்படி அஞ்சு வாரம்?" என்று பல கணவர்கள் விழிப்பது இதனால்தான்.

மொத்தம் 280 நாள், அதாவது 40 வாரம். பிரசவ தேதியைக் கண்டுபிடிக்க, கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டுவார்கள். ஜனவரி 1 என்றால் அக்டோபர் 8. ஜெர்மன் மகப்பேறு மருத்துவர் நேகலேயின் பெயரில் வழங்கும் கணக்கு இது. இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை சரியாக மாதவிலக்கு வருகிற பெண்ணை மனதில் வைத்துப் போட்டது. முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்கு ஒரு வாரம் பிசகும். பிசிஓடி இருந்து இரண்டு மூன்று மாதம் தள்ளித் தள்ளி வருகிறவருக்கு இந்தக் கணக்கு உதவவே உதவாது.

அதற்குத்தான் முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன். அப்போது எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால், தலை முதல் பிட்டம் வரை நீளத்தை அளந்தால் வயதை ஐந்து முதல் ஏழு நாள் வித்தியாசத்துக்குள் சொல்லிவிடலாம். அப்புறம் குழந்தைகள் அவரவர் உடல்வாகுக்கு ஏற்ப வளர ஆரம்பித்துவிடும். எட்டாம் மாத ஸ்கேனில் கணக்கு இரண்டு மூன்று வாரம்கூட முன்பின் காட்டும். ஒவ்வொரு ஸ்கேனிலும் பிரசவ தேதி மாறுகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் போதும்: முதல் ஸ்கேனில் உறுதிசெய்த தேதிதான் கடைசிவரை தேதி. பிந்தைய ஸ்கேனில் வருவது, குழந்தையின் அளவு எந்த வாரத்துக் குழந்தையின் அளவைப்போல இருக்கிறது என்று இயந்திரம் போடும் கணக்கு. அதைப் பிரசவ தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்தத் தேதியில் சரியாகப் பிறக்கும் குழந்தைகள் நூற்றில் நான்கைந்துதான். 37 வாரம் முடிந்து 42 வாரத்துக்குள் எப்போது பிறந்தாலும் அது நிறைமாதப் பிரசவமே.

முதல் 13 வாரம்: வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே எல்லாம் நடக்கும்

வயிறு தெரியாது, அசைவு தெரியாது. ஆனால் நாற்பது வாரத்தில் மிக முக்கியமான வேலை நடப்பது இப்போதுதான். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் ஆறாவது வாரத்தோடு மூடிவிடுகிறது. சரியாக மூடாவிட்டால் முதுகெலும்பிலோ மண்டை ஓட்டிலோ குறைபாடு வரும். இதைப் பெருமளவு தடுப்பது ஃபோலிக் ஆசிட் மாத்திரை, தினமும் 400 மைக்ரோகிராம். கர்ப்பம் தெரிவதே ஐந்தாம் வாரம், குழாய் மூடுவது ஆறாம் வாரம் என்றால் மாத்திரையை எப்போது ஆரம்பிப்பது? குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே ஆரம்பித்துவிட வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் டாக்டரைப் பார்த்த பிறகுதான் இது கைக்கு வருகிறது. அப்போது சாப்பிடுவதும் வீண் இல்லை, ஆனால் அதன் முக்கிய வேலைக்கான நேரம் கடந்திருக்கும்.

இதயத் துடிப்பு ஆறு ஏழு வாரத்தில் ஸ்கேனில் தெரியும். பத்து வாரத்துக்குள் முக்கிய உறுப்புகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் விழுந்துவிடும். கண்ட மாத்திரையையும் சாப்பிடாதே என்று பெரியவர்கள் சொல்வது இந்தக் காலத்துக்கு மிகப் பொருத்தம். அதற்காக வலிப்பு, தைராய்டு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. ஆரம்ப வாரங்களில் குழந்தைக்குத் தேவையான தைராய்டு ஹார்மோன் அம்மாவிடமிருந்துதான் போகிறது. சில வலிப்பு மாத்திரைகளை மாற்ற வேண்டியிருக்கும், ஆனால் அதை டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

மசக்கை ஐந்து ஆறு வாரத்தில் தொடங்கி, ஒன்பதாம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பெரும்பாலானோருக்கு 14 முதல் 16 வாரத்துக்குள் அடங்கிவிடும். இது ஏன் சிலரைப் படுக்கையில் தள்ளுகிறது, சிலரைத் தொடுவதே இல்லை என்பதற்கு நெடுங்காலம் சரியான விடை இல்லை. 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைச் சுட்டிக்காட்டியது. கருவும் நஞ்சுக்கொடியும் இதைத் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. கர்ப்பத்துக்கு முன்பு உடம்பில் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்களுக்கு அது திடீரென்று ஏறும்போது வாந்தி கடுமையாகிறது. ஆக, "எல்லாம் மனசுதான், நாங்கள்லாம் பெத்துக்கலையா" என்ற பேச்சை இனியாவது விட்டுவிடலாம். வாந்தியைக் குறைக்கப் பாதுகாப்பான மாத்திரைகள் உண்டு, கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், சிறுநீர் அடர் மஞ்சளாகி, எடை இறங்கினால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நிலை.

யாரும் பேச விரும்பாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பம் என்று தெரிந்த பிறகு நூற்றில் பத்து முதல் இருபது பேருக்குக் கரு கலைகிறது. அதில் பெரும்பாலானவை இந்த 13 வாரத்துக்குள்தான். ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம் எண்ணிக்கையில் நேர்ந்த பிழை. பஸ்ஸில் போனது, தண்ணீர்க் குடம் தூக்கியது, பப்பாளித் துண்டு ஒன்று சாப்பிட்டது எதுவும் இந்தப் பிழையை உண்டாக்க முடியாது. (காயான பப்பாளியின் பாலைத் தவிர்க்கச் சொல்வதில் நியாயம் உண்டு. நன்றாகப் பழுத்த பழத்தில் கெடுதல் இல்லை.) ஆனாலும் கரு கலைந்த வீட்டில் முதலில் நடப்பது அந்தப் பெண் என்ன செய்தாள் என்ற விசாரணைதான். அவருக்கு வேண்டியது ஓய்வும் ஆறுதலும்.

லேசாக இரத்தம் படுவது முதல் மூன்று மாதத்தில் நான்கில் ஒருவருக்கு நடக்கிறது. பலருக்கு அதன் பிறகும் கர்ப்பம் நல்லபடியாகத் தொடரும். ஆனாலும் டாக்டரிடம் காட்டாமல் விடக் கூடாது. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தலைசுற்றல், தோள்பட்டையில் வலி என்று சேர்ந்து வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உயிருக்கு ஆபத்து.

இந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் முடிக்க வேண்டிய ஒரு அலுவலக வேலையும் உண்டு. 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ பதிவு செய்து பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்க வேண்டும். தனியாரிடம் பார்ப்பவர்களுக்கும் இது தேவை. பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குப் போகும்போது இந்த எண்ணைத்தான் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் வரும் 18,000 ரூபாய்க்கும் (14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக) பதிவுதான் அடிப்படை. தவணை விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் உங்கள் பகுதி நர்ஸிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பதிவோடு இரத்தப் பிரிவு, ஹீமோகுளோபின், சர்க்கரை, எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி எல்லாம் பார்த்துவிடுவார்கள். உங்கள் பிரிவு நெகட்டிவ், கணவருடையது பாசிட்டிவ் என்றால் அதைத் தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 28ஆம் வாரம் ஒரு ஆன்டி-டி ஊசி, குழந்தை பாசிட்டிவாக இருந்தால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. இந்த ஊசி காப்பது அடுத்த குழந்தையை. முதல் பிரசவத்தில் விட்டுப்போனால் விளைவு இரண்டாவது கர்ப்பத்தில்தான் தெரியும்.

இந்தக் கட்டத்தின் கடைசிப் பரிசோதனை என்.டி. ஸ்கேன். 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை மட்டும். குழந்தையின் பின்கழுத்தில் தோலுக்கடியில் இருக்கும் நீரின் தடிமனை அளக்கிறார்கள். கூடவே டபுள் மார்க்கர் இரத்தப் பரிசோதனை. இரண்டையும் தாயின் வயதோடு சேர்த்து டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் குறைபாடுகளுக்கான வாய்ப்பைக் கணக்கிடுவார்கள். 14 வாரத்துக்குப் பிறகு அந்த நீர் வற்றிவிடுவதால் அளந்தும் பயனில்லை. முடிவு "ஹை ரிஸ்க்" என்று வந்தால் அதற்கு அர்த்தம் அடுத்த பரிசோதனை தேவை என்பதே. குழந்தைக்கு நோய் இருக்கிறது என்று அது சொல்லவில்லை.

14 முதல் 27 வாரம்: மூச்சு விடக் கிடைக்கும் இடைவெளி

வாந்தி நின்று பசி திரும்பும். வயிறு இன்னும் பாரமாகவில்லை. பயணம் போவதானால் இப்போது போகலாம். மூன்று கட்டங்களில் இதுதான் இலகுவானது என்று பெரும்பாலான பெண்கள் சொல்வார்கள்.

18 முதல் 20 வாரத்தில் அனாமலி ஸ்கேன். அறைக்கு வெளியே, பாலினம் தெரிவிப்பது சட்டப்படி குற்றம் என்ற பலகை இருக்கும். 1994இல் வந்த சட்டம் அது. கையெழுத்துப் போட வேண்டிய படிவமும் உண்டு. உள்ளே டாக்டர் அரைமணி நேரம்கூட ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். பயந்துவிட வேண்டாம், அவர் வரிசையாக எண்ணிக்கொண்டிருக்கிறார்: தலைச் சுற்றளவு, மூளையின் அறைகள், மேலுதட்டில் பிளவு உண்டா, இதயத்தின் நான்கு அறைகள், வயிற்றுச் சுவர், இரண்டு சிறுநீரகம், முதுகெலும்பின் ஒவ்வொரு கணு, தொடை எலும்பின் நீளம். குழந்தை குப்புறத் திரும்பியிருந்தால் வெளியே போய்க் கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்வார்கள்.

இந்த ஸ்கேனை 20 வாரத்துக்குள் முடிக்கச் சொல்வதில் ஒரு சட்டக் காரணமும் உண்டு. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு அதற்கான வரம்பு, குறிப்பிட்ட பிரிவினருக்கு, 24 வாரம். அதற்கு மேல் குழந்தைக்குப் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவக் குழுவின் அனுமதி வேண்டும். 20 வாரத்தில் ஒரு குறை தெரிந்தால் இன்னொரு டாக்டரிடம் கேட்கவும், குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் இதைச் சரிசெய்ய முடியுமா என்று பேசவும், முடிவெடுக்கவும் நேரம் இருக்கும். 24இல் தெரிந்தால் அது கிடையாது.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லோரையும் கலங்க வைக்கும் வரி, நஞ்சு கீழே இருக்கிறது என்பது. 20 வாரத்தில் இப்படி எழுதப்படுவோரில் பெரும்பாலானோருக்குக் கர்ப்பப்பை விரிய விரிய நஞ்சு மேலே போய்விடும். 32 வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். நஞ்சு முன்பக்கச் சுவரில் இருந்தால் அசைவு கொஞ்சம் தாமதமாகவும் மெதுவாகவும் தெரியும். அதை வைத்து ஆணா பெண்ணா என்று ஆருடம் சொல்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள்.

முதல் அசைவு தலைப்பிரசவக்காரருக்கு 18 முதல் 20 வாரத்தில் தெரியும். இரண்டாவது முறை என்றால் இரண்டு வாரம் முன்பே. வயிற்றுக்குள் காற்று புரள்வதுபோல இருக்கும், பலர் முதலில் வாயு என்றே நினைப்பார்கள்.

24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை. பதிவின்போதே ஒருமுறை பார்த்திருந்தாலும் இப்போது மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் நஞ்சில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை மட்டுப்படுத்தும் வேலையை முழுவீச்சில் தொடங்குவது இந்த வாரங்களில்தான். 75 கிராம் குளுக்கோஸை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்து, ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்வார்கள். பாதியிலேயே குமட்டும். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. சரியாக இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. குடித்த அரைமணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் இன்னொரு நாள் திரும்ப வர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய வராந்தாவில் காலை நேரத்தில் வாட்டர் பாட்டிலோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். நாடு முழுவதும் பின்பற்றப்படும் இந்த எளிய முறைக்காக வாதாடியவர் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வி. சேஷையா. வெறும் வயிற்றில் ஒருமுறை, பிறகு பலமுறை என்று இரத்தம் எடுக்கும் வெளிநாட்டு முறை, கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வரும் கர்ப்பிணிக்குச் சரிவராது என்பது அவர் வாதம். தமிழ்நாடு 2007லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கொண்டுவந்துவிட்டது. அவர் பிறந்த நாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

140க்கு மேல் வந்துவிட்டது என்றால் உலகம் இடிந்துவிடாது. முதலில் இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாடும் நடையும். பெரும்பாலானோருக்கு அதிலேயே அடங்கும், அடங்காதவருக்கு மாத்திரையோ இன்சுலினோ. "ரெண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று தட்டில் சோற்றைக் குவிக்கும் அன்புக்கு மட்டும் கொஞ்சம் தடை போட வேண்டியிருக்கும். நாற்பது வாரத்திலும் சேர்த்து சராசரியாக 10 முதல் 12 கிலோ எடை கூடினால் போதும், அதில் குழந்தை மூன்று கிலோதான்.

இன்னொரு பெரிய பிரச்சினை இரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. ஆனால் நீர்ப்பகுதி கூடும் வேகத்துக்குச் சிவப்பணுக்கள் கூடுவதில்லை. மோரில் தண்ணீர் ஊற்றியதுபோல ஹீமோகுளோபின் நீர்த்துத் தெரியும். 11க்குக் கீழே போனால் இரத்தசோகை, 7க்குக் கீழே போனால் ஆபத்தான நிலை. நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, குறைந்தது 180 நாள். மலம் கறுப்பாகப் போகும், மலச்சிக்கல் வரும், அதனால் பலர் வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். சாப்பிடுகிறவர்களும் இரண்டு தவறு செய்கிறார்கள்: காபி, டீயோடு சேர்த்துச் சாப்பிடுவது, சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடுவது. இரண்டுமே இரும்பை உடம்பில் சேரவிடாது. சுண்ணாம்புச்சத்தைக் காலைச் சாப்பாட்டோடு, இரும்பை இரவில் எலுமிச்சை ஜூஸோடு என்று பிரித்துக்கொண்டால் தீர்ந்தது.

இதிலும் வாரக் கணக்கு உண்டு. மாத்திரையால் ஹீமோகுளோபின் ஏறுவது மாதத்துக்குச் சுமார் ஒரு கிராம். 20 வாரத்தில் 9 என்று தெரிந்தால் மாத்திரையிலேயே சரிசெய்யலாம். 34 வாரத்தில் 8 என்று தெரிந்தால் மாத்திரைக்கு நேரமில்லை, இரும்பு ஊசிதான் ஏற்ற வேண்டும். பிரசவத்தில் எல்லோருக்கும் இரத்தம் போகும். கையிருப்பு குறைவாக உள்ளவருக்கு அதுவே உயிர்ப்பிரச்சினை ஆகிறது.

28 வாரத்துக்குப் பிறகு: வளைகாப்பும் அம்மா வீடும்

ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு. வளையல் சத்தம் குழந்தையின் காதுக்குப் போகும் என்று சொல்வார்கள். 25, 26 வாரத்துக்கு மேல் குழந்தை வெளிச்சத்தத்துக்கு அசைந்து கொடுக்கிறது என்பது உண்மைதான். அதைவிட நன்றாக அதற்குக் கேட்பது அம்மாவின் குரலும் இதயத் துடிப்பும் குடல் இரைச்சலும்.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போவதில்தான் எனக்கு ஒரு கவலை. நல்ல வழக்கம், ஓய்வும் கவனிப்பும் கிடைக்கும். ஆனால் பழைய ஆஸ்பத்திரியை விட்டு வந்தாயிற்று, புதிய ஊரில் "அடுத்த வாரம் போய்க் காட்டலாம்" என்று மூன்று வாரம் ஓடிவிடும். அந்த மூன்று வாரமும் யாரும் இரத்த அழுத்தம் பார்த்திருக்க மாட்டார்கள். கர்ப்பகால இரத்த அழுத்த நோய் தலைதூக்குவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். 20 வாரத்துக்குப் பிறகு 140/90 அல்லது அதற்கு மேல் போய், சிறுநீரில் புரதமும் வந்தால் அது முன்சூல்வலிப்பு. கவனிக்காவிட்டால் வலிப்பு வரும், தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. கால் வீக்கம் பாதிக் கர்ப்பிணிகளுக்கு மேல் வரும், அது மட்டும் இருந்தால் பயமில்லை. முகமும் கையும் வீங்கி மோதிரம் இறுகுவது, விடாத தலைவலி, கண் மங்கிப் பூச்சி பறப்பது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி ஆகியவைதான் எச்சரிக்கை. கிளம்பும்போது பட்டுப்புடவையோடு தாய் சேய் நல அட்டையும் எல்லா ரிப்போர்ட்டும் பெட்டிக்குள் போகட்டும். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அந்த ஊர் நர்ஸிடம் பிக்மி எண்ணைச் சொல்லிவிட வேண்டும்.

28 வாரம் வரை மாதம் ஒருமுறை, 36 வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வாராவாரம் என்று டாக்டர் கூப்பிடுவதும் இதற்காகவே.

மல்லாந்து படுத்தால் கனத்த கர்ப்பப்பை முதுகுப்புறப் பெரிய இரத்தக்குழாயை அழுத்தும். அதனால் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார்கள். இடது பக்கம் நல்லது என்பார்கள், வலது பக்கம் படுத்தாலும் குற்றமில்லை. தூக்கத்தில் மல்லாந்துவிட்டால் விழிப்பு வந்ததும் திரும்பிக்கொண்டால் போதும்.

அசைவுதான் இப்போது மிக முக்கியம். "மாசம் நெருங்கிடுச்சுன்னா குழந்தைக்கு இடம் இல்ல, அசைவு குறைஞ்சிடும்" என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. இது தவறு, ஆபத்தான தவறும்கூட. உதைக்கும் விதம் மாறலாம், புரள்வதாக நெளிவதாகத் தெரியலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. சந்தேகமாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு ஒருக்களித்துப் படுத்து எண்ணிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

நுரையீரல் விரிந்து சுருங்க உதவும் பொருள் குழந்தைக்குப் போதிய அளவு சுரப்பது 34, 35 வாரத்தை ஒட்டித்தான். அதற்கு முன் பிரசவமாகிவிடும் என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு நுரையீரலை முதிரச் செய்வார்கள். 37 வந்தால் நிறைமாதம் என்றாலும் கடைசி இரண்டு வாரமும் சும்மா போவதில்லை. 39க்கு முன் வலி வராமலேயே சிசேரியன் செய்து எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் அதிகம். நட்சத்திரம் பார்த்து, ராகுகாலம் தவிர்த்து, 37 வாரத்திலேயே நாள் குறித்துத் தரும் ஜோதிடர்களும் அதற்குத் தலையாட்டும் டாக்டர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மருத்துவக் காரணம் இருந்தால் எந்த வாரத்திலும் எடுக்கத்தான் வேண்டும். நல்ல நேரத்துக்காக எடுப்பதானால் 39 வாரம் முடிந்த பிறகு வரும் நல்ல நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். அதே 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், நாட்டின் சராசரி 21.5. அவற்றில் எத்தனை தேவையானவை என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

வலி வரும்போது

கடைசி வாரங்களில் வயிறு அவ்வப்போது கல்லாக இறுகும். நடந்தாலோ, தண்ணீர் குடித்துப் படுத்தாலோ அடங்கிவிடும். சூட்டு வலி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். 1872இல் இதை விவரித்த ஆங்கிலேய மருத்துவர் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் பெயரால் மருத்துவ நூல்களில் வழங்குகிறது. நிஜ வலி முதுகில் தொடங்கி முன்னால் வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும், என்ன செய்தாலும் அடங்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலி, பனிக்குடம் உடைதல், இரத்தப்போக்கு, அசைவுக் குறைவு, இதில் எது வந்தாலும் 108ஐ அழைக்கலாம். பனிக்குட நீர் பச்சையாகப் போனால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம், தாமதம் கூடாது.

கர்ப்பப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறக்கும்வரை ஆரம்பக் கட்டம். தலைப்பிரசவத்தில் இது ஒரு நாள்கூட இழுக்கும். ஐந்திலிருந்து முழுவதும் திறக்கும் பத்து சென்டிமீட்டர் வரை தலைப்பிரசவக்காரருக்கு 12 மணி நேரம் வரை ஆகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டி. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய அளவுகோலை அது கைவிட்டது. "இன்னும் தெறக்கலையே" என்று வெளியே தவிக்கும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் "ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்" என்ற நெருக்கடி சில சமயம் அவர்களிடமிருந்தே வருகிறது. முழுவதும் திறந்த பிறகு முக்கித் தள்ளும் கட்டம், முதல் பிரசவத்தில் மூன்று மணி நேரம் வரை. 41 வாரம் தாண்டியும் வலி வராவிட்டால் மருந்து கொடுத்து வலி வரவழைப்பார்கள். அதற்கு மேல் காத்திருந்தால் குழந்தைக்கு ஆபத்து கூடும்.

குழந்தை அழுததும் எல்லோரும் நிம்மதி ஆகிவிடுவார்கள். டாக்டரும் நர்ஸும் மட்டும் ஆக மாட்டார்கள். நஞ்சு இன்னும் வெளியே வரவில்லை. பிரசவ மரணங்களின் முதன்மைக் காரணங்களில் ஒன்றான பெரும் இரத்தப்போக்கு வருவது இந்த நேரத்தில்தான். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் போடும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி அதற்காகவே. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. வீட்டுப் பிரசவத்தை யூடியூப் பார்த்துச் செய்யலாம் என்று கிளம்புகிறவர்களிடம் இரத்தமும் இருக்காது, அந்த ஊசியும் இருக்காது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் அதற்கு முன்பும் வேண்டாம், பின்பும் வேண்டாம். சிசேரியன் ஆனாலும் பால் கொடுக்கலாம், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒருவர் இருந்தால் போதும்.

அப்புறம் 42 நாள்

பிரசவத்தோடு கட்டங்கள் முடிவதில்லை. கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரம் ஆகும். தீட்டு முதலில் சிவப்பாக, பிறகு பழுப்பாக, கடைசியில் வெளுத்துப் போகும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, துர்நாற்றத்தோடு காய்ச்சல் வந்தாலோ உடனே போக வேண்டும். பத்திய உணவில் பூண்டும் மிளகும் கருவாட்டுக் குழம்பும் இருப்பது சரிதான். ஆனால் தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு போடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று தண்ணீரை அளந்து கொடுப்பது எந்த வகையிலும் சரியில்லை. பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தாகம் கூடத்தான் செய்யும். முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வரும். ஹார்மோன்கள் சரிந்ததும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்யும் வேலை. இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தாலோ, குழந்தையைத் தொடவே பிடிக்கவில்லை என்றாலோ அதுவும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய நோய்தான்.

கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்குக் கடைசியாக ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது. பிரசவமானதும் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடுவதால் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆறாவது வாரம் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும், இந்தமுறை வெறும் வயிற்றில். குழந்தையின் ஒன்றரை மாதத் தடுப்பூசியும் அதே வாரம்தான். காலையில் டிபன் சாப்பிடாமல் கிளம்பினால் குழந்தைக்கு ஊசியும் அம்மாவுக்கு இரத்தப் பரிசோதனையும் ஒரே நடையில் முடிந்துவிடும். இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும் என்பதால் குழந்தையை வைத்துக்கொள்ள வீட்டிலிருந்து யாராவது கூடப் போனால் நல்லது.